ஸ்பூலர் மெமரியைத் தின்கிறது: தினமும் ரீஸ்டார்ட் செய்தால் போதுமா?

கல்லூரி லேப்:
எங்கள் கல்லூரியில் 22 பிரிண்டர்கள், எல்லாம் ஒரே விண்டோஸ் சர்வர் 2016-இல். ரேம் 8 ஜிபி. அச்சு வேலைகளை வரிசையில் வைத்து பிரிண்டருக்கு அனுப்பும் ஸ்பூலர் என்ற விண்டோஸ் சர்வீஸ் திங்கள் காலை 70 எம்பி மெமரி எடுக்கிறது, வியாழன் மதியத்துக்குள் 3 ஜிபியைத் தாண்டிவிடுகிறது. அப்புறம் ஆபீஸில் பிரிண்ட் கொடுத்தால் ஐந்து நிமிடம் கழித்துத்தான் தாள் வருகிறது. ஸ்பூல் ஃபோல்டரில் கிடந்த பழைய ஃபைல்களை எல்லாம் அழித்துப் பார்த்தேன், பலனில்லை. அடுத்த வாரம் ஹால் டிக்கெட் அச்சடிக்க வேண்டும்.

வேலூர் நெட்வொர்க்:
டாஸ்க் ஷெட்யூலரில் இரவு 2 மணிக்கு ஸ்பூலரை நிறுத்தித் திரும்பத் தொடங்க ஒரு வேலை போட்டுவிடுங்கள். ஒரு ஆஸ்பத்திரியில் நாலு வருடமாக இப்படித்தான் ஓட்டுகிறேன். ரேமையும் 16 ஆக்கிவிட்டால் கவலையே இல்லை.

மையூற்று:
வேலூர் சார், இதை என்னால் ஏற்க முடியவில்லை. ஸ்பூல் ஃபோல்டரில் இருப்பவை டிஸ்க் ஃபைல்கள். அழித்தால் டிஸ்க்தான் காலியாகும், மெமரி இறங்காது. மெமரி நாளுக்கு நாள் ஏறுகிறது என்றால், ஸ்பூலருக்குள் உட்கார்ந்திருக்கும் ஏதோ ஒன்று வாங்கிய மெமரியைத் திருப்பித் தரவில்லை. 16 ஜிபி போட்டால் வியாழன் வரும் தொல்லை அடுத்த வாரம் வரும், அவ்வளவுதான்.

லேப் தம்பி, பிரிண்ட் மேனேஜ்மென்டில் டிரைவர்கள் (ஒவ்வொரு பிரிண்டர் மாடலையும் இயக்கும் புரோகிராம்கள்) பட்டியலைத் திறந்து, ஒவ்வொன்றிலும் ரைட் கிளிக் செய்து, டிரைவர் ஐசொலேஷனை ‘ஐசொலேட்டட்’ என்று மாற்றுங்கள். 2008 ஆர்2 முதலே இந்த வசதி இருக்கிறது. அந்த டிரைவர்கள் ஸ்பூலரை விட்டு வெளியே தனித்தனி பிராசஸாக ஓடும். எது வீங்குகிறது என்று கண்ணாலேயே பார்க்கலாம். டாஸ்க் மேனேஜரில் ‘கமிட் சைஸ்’ (பிராசஸ் கேட்டு வாங்கிய மெமரி) என்ற நெடுவரிசையைச் சேர்த்துக்கொண்டு அதைப் பாருங்கள்.

அச்சகத்தான்:
இது மெமரி கசிவுதான், வாங்கியதைத் திருப்பித் தராததுதான் என்று எப்படி முடிவு கட்டினீர்கள்? ஒரு ஏ4 பக்கத்தை 600 டிபிஐயில் (அங்குலத்துக்கு 600 புள்ளி) வரைந்தால் சுமார் மூன்றரைக் கோடி புள்ளி. புள்ளிக்கு நாலு பைட் என்றால் ஒரு பக்கமே 140 எம்பி. போட்டோவுடன் ஹால் டிக்கெட் என்றால் மெமரி ஏறத்தானே செய்யும்? பிரிண்டர் ப்ராப்பர்ட்டீஸின் ஷேரிங் டேப்-இல் ‘கிளையன்ட் கம்ப்யூட்டரில் ரெண்டர் செய்’ (அச்சு கொடுப்பவரின் கம்ப்யூட்டரிலேயே பக்கத்தை வரை) என்பதில் டிக் இல்லையென்றால் அந்த வேலை முழுதும் சர்வர் தலையில்தான்.

மையூற்று:
அந்த டிக் இருக்கிறதா என்று பார்ப்பது நல்லதுதான். ஆனால் பெரிய வேலையால் ஏறியது வேலை முடிந்ததும் இறங்க வேண்டும். இங்கே படிக்கட்டு மாதிரி ஏறிக்கொண்டே போகிறது, இரவில்கூட இறங்கவில்லை.

வேலூர் நெட்வொர்க்:
பரீட்சை வாரத்தில் 22 பிரிண்டரின் டிரைவரிலும் கை வைக்கச் சொல்கிறீர்கள். பழைய டிரைவர் சிலது தனியாகப் பிரித்தால் ஓடாது. ஹால் டிக்கெட் வராவிட்டால் பிள்ளைகள் முன்னால் நிற்கப்போவது தம்பிதான், நீங்கள் இல்லை.

மையூற்று:
அது நியாயம். பரீட்சை முடியும் வரை இரவு ரீஸ்டார்ட் இருக்கட்டும். ஆனால் அச்சு ஓடும்போது மட்டும் வேண்டாம். பாதியில் நின்ற வேலை முதல் பக்கத்திலிருந்து மறுபடி தொடங்கினால், 180 பக்கத்தில் 150 வந்திருந்தாலும் அத்தனையும் வீண். ஆஸ்பத்திரியில் 2 மணிக்கு லேப் ரிப்போர்ட் வராதா சார்?

கல்லூரி லேப்:
பரீட்சை முடிந்தது. ஹால் டிக்கெட் எல்லாம் ஒழுங்காக வந்தது, வேலூர் சாருக்கு நன்றி. அப்புறம் ரீஸ்டார்ட்டை எடுத்துவிட்டு எல்லா டிரைவரையும் பிரித்தேன். தனியே போனவை ஒன்றும் வீங்கவில்லை. ஸ்பூலர் மட்டும் பழையபடி ஏறுகிறது! கிளையன்ட் ரெண்டரிங் டிக் எல்லாவற்றிலும் இருக்கிறது.

மையூற்று:
அப்படியானால் டிரைவர்மேல் குற்றமில்லை. போர்ட் மானிட்டரும் (போர்ட் வழியாகப் பிரிண்டருக்குத் தரவை அனுப்பும் பகுதி) பிரிண்ட் பிராசஸரும் (அச்சு வேலையைத் தயார் செய்யும் பகுதி) ஐசொலேஷனுக்குள் வராது, ஸ்பூலருக்குள்ளேயேதான் இருக்கும். போர்ட்ஸ் டேப்-இல் பிரிண்டர் கம்பெனியின் சொந்த போர்ட் ஏதாவது இருக்கிறதா? இருந்தால் விண்டோஸிலேயே இருக்கும் சாதாரண டிசிபி/ஐபி போர்ட்டுக்கு மாற்றிப் பாருங்கள்.

கல்லூரி லேப்:
மூன்று இருந்தன. அதில் ஒன்று, இரண்டு வருடத்துக்கு முன் கழித்துக்கட்டி ஸ்டோர் ரூமில் போட்ட பிரிண்டருடையது. அதை அழித்தேன், மற்ற இரண்டையும் மாற்றினேன். திங்கள் 70 எம்பி, இன்று வெள்ளி, 85.

வேலூர் நெட்வொர்க்:
என் சர்வரிலும் அந்த மாதிரி போர்ட் ஐந்து இருக்கிறது, இப்போதுதான் பார்த்தேன். ஞாயிறு அன்று ஒவ்வொன்றாக மாற்றப் போகிறேன். ஒரு வாரம் பார்க்கும் வரை இரவு ரீஸ்டார்ட்டை எடுக்க மாட்டேன்.

மையூற்று:
எடுக்காவிட்டால் ஏறுகிறதா இல்லையா என்று எப்படித் தெரியும் சார்? இரண்டு நாளாவது நிறுத்தி வையுங்கள்.