புல்வெட்டி டிராக்டர் பார்க்கிங் பிரேக் நிக்க மாட்டேங்குது, அவசரம்

செம்மண்
வணக்கம். பார்க்கிங் பிரேக் போட்டு இறங்கினா சரிவுல வண்டி மெதுவா பின்னாடி உருளுது. நட்டைக் கடைசி வரைக்கும் டைட் வச்சாச்சு, ஒரு பிரயோஜனமும் இல்ல. கியர்ல போட்டு நிறுத்தினாலும் அதே கதைதான். நேத்து வேலியில போய் முட்டி நின்னுச்சு. நாளைக்கு வண்டி வேணும். யாராவது சொல்லுங்க.

பழைய ஸ்பானர்
கியர் வண்டியா, ஹைட்ரோவா (கியருக்குப் பதிலா ஆயில் அழுத்தத்துல ஓடுறது)? எந்த நட்டு? பிரேக் வெளியில டிஸ்க்கா, உள்ளேயா? இத்தனையும் தெரியாம என்னன்னு சொல்றது தம்பி. அதுவரைக்கும் பின் சக்கரத்துக்கு ரெண்டு பக்கமும் கட்டை வைங்க.

கிரீஸ்கை
ஆயில் சீல்தான். கண்ணை மூடிக்கிட்டு சொல்றேன். சீல் கசிஞ்சு, டிஸ்க்கைப் பிடிக்கிற பிரேக் பேடு ஆயில் குடிச்சிருக்கும், அப்புறம் எவ்வளவு டைட் வச்சாலும் வழுக்கத்தான் செய்யும்.

புதுப்புல்
ஹைட்ரோ வண்டின்னா தள்ளுறதுக்காக இழுத்து விடுற பைபாஸ் லீவர் பின்னாடி இருக்கும். அது இழுத்தபடியே நிக்குதான்னு பாருங்க. நான் ஒரு தடவை அதை மறந்துட்டு அரை நாள் பிரேக்கைக் கழட்டிக்கிட்டு இருந்தேன்.

டார்க் ரெஞ்ச்
இந்தக் கேள்விக்கு எத்தனை தடவைதான் பதில் எழுதுறது? நட்டைக் கடைசி வரைக்கும் டைட் வைக்கிறதுக்குப் பேர் அட்ஜஸ்ட்மென்ட் இல்ல. பெடலை விட்டுட்டு, டிஸ்க்குக்கும் பேடுக்கும் நடுவுல ஃபீலர் கேஜ், அதான் இடைவெளி அளக்கிற மெல்லிசு தகடு, விட்டுப் பார்க்கணும். பல வண்டியில 0.25 முதல் 0.4 மி.மீ. வரைக்கும் இடைவெளி கேக்கும். உங்க வண்டிக்கு எவ்வளவுன்னு கையேட்டுலயே இருக்கு. அதைப் பிரிச்சுப் பார்க்கிற பழக்கம் இப்ப யாருக்கும் இல்ல.

செம்மண்
கியர் வண்டி, பெல்ட் டிரைவ். கிளச்சும் பிரேக்கும் ஒரே பெடல். டிஸ்க் வெளியிலதான், டிரான்ஸாக்ஸில் (கியர் பாக்ஸும் பின் ஆக்ஸிலும் சேர்ந்த பெட்டி) பக்கவாட்டுல. ஆயில் இல்ல, கை வச்சுப் பார்த்தேன், காய்ஞ்சுதான் இருக்கு. பேடும் தடிமனா இருக்கு. லீவர் மாட்டும்போது பெடல் கல்லு மாதிரி நிக்குது. கையேடு கிடையாது, பழசா வாங்கினது.

கிரீஸ்கை
கைக்குத் தெரியாது. உள்பக்க பேடைக் கழட்டிப் பாருங்க. சீல்தான்.

புதுப்புல்
எனக்கு ஒரு சந்தேகம். கியர்ல போட்டு இன்ஜினை அணைச்சா கம்ப்ரஷன் பிடிச்சுக்கணுமே? கார்ல அப்படித்தானே நிறுத்துறோம். அதுவும் நிக்கலேன்னா கியர் பாக்ஸே போச்சுன்னு அர்த்தமா?

பழைய ஸ்பானர்
இல்லப்பா. ஒரே பெடல்னு சொல்றாரே, அங்கதான் விஷயம். பெடலை அமுக்கி லீவர் மாட்டினா பெல்ட் இழுவை விட்டுப்போயிடும். பெல்ட் தொங்கிக்கிட்டு இருக்கும்போது எந்த கியர்ல போட்டா என்ன, இன்ஜினுக்கும் சக்கரத்துக்கும் தொடர்பே இல்ல. பார்க்கிங் பிரேக் மாட்டியிருக்கிற நேரத்துல தாங்குறது பிரேக் மட்டும்தான்.

டார்க் ரெஞ்ச்
கியர்ல விட்டு நிறுத்துறதே தப்பான பழக்கம். நான் வருஷக்கணக்கா சொல்லிக்கிட்டு இருக்கேன்.

மழைக்கோட்டு
அண்ணே, பிரேக் லீவரை மாட்டாம கியர்ல மட்டும் விட்டா கம்ப்ரஷன் கொஞ்சம் பிடிக்கத்தானே செய்யும்? மொத்தமா தப்புன்னு எப்படிச் சொல்றீங்க?

டார்க் ரெஞ்ச்
கொஞ்சம் பிடிக்கும். பெல்ட் வழுக்குற நாள்ல வேலியில முட்டும். வேற கேள்வி?

மழைக்கோட்டு
கேட்டது தப்பு சாமி.

பழைய ஸ்பானர்
சண்டையை அப்புறம் வச்சுக்கங்க. செம்மண், பெடல் கல்லு மாதிரி இருக்கு, பேடு காய்ஞ்சிருக்கு, அப்படியும் உருளுதுன்னா பிரேக் டிஸ்க்கைப் பிடிக்குது, ஆனா அந்தப் பிடி சக்கரத்துக்கு வந்து சேரலேன்னு எனக்குப் படுது. டிஸ்க் டிஃப்பரன்ஷியலுக்கு, அதாவது ரெண்டு பின் சக்கரத்துக்கும் இழுவையைப் பிரிச்சுக் கொடுக்கிற பல்சக்கரத்துக்கு, முன்னாடியே இருக்கு. ஒரு பக்கச் சக்கரம் ஆக்ஸில்ல வழுக்கினாப் போதும், மறுபக்கமும் சேர்ந்து உருளும். மேடு ஏறும்போது இழுவை எப்படி இருக்கு?

செம்மண்
அது கொஞ்ச நாளாவே கம்மிதான். பின்னாடி டக் டக்குன்னு சத்தம் வேற. பெல்ட் தேய்ஞ்சிருக்கும்னு விட்டுட்டேன். அதுக்கும் பிரேக்குக்கும் என்ன சம்பந்தம்?

பழைய ஸ்பானர்
இதை முதல் பதிவுலயே சொல்லக்கூடாதா தம்பி! சக்கரத்தோட நடு மூடியைக் கழட்டுங்க. ஆக்ஸில் முனையில இருந்து ஹப் (சக்கரத்தோட நடுக்குடம்) வரைக்கும் சாக்பீஸால நேரா ஒரு கோடு போடுங்க. ரெண்டு பக்கமும் போடணும். சமதரையில பிரேக்கை மாட்டி, ஒருத்தரை விட்டுத் தள்ளச் சொல்லுங்க. எந்தப் பக்கம் கோடு உடைஞ்சு ரெண்டாகுதோ அந்தப் பக்கம் கீ, அதான் ஆக்ஸிலையும் ஹப்பையும் சேர்த்துப் பூட்டுற சின்ன இரும்புக் கட்டை, வெட்டுப்பட்டிருக்கு. துரு பிடிச்ச ஹப் ஓரளவுக்கு இறுக்கிப் பிடிக்கும். அதனாலதான் சமதரையில ஓடி, மேட்டுல கைவிடுது.

கிரீஸ்கை
வாய்ப்பிருக்கு. ஆனா சீலையும் பாருங்க.

செம்மண்
இடது பக்கம் கோடு பிரிஞ்சுது. கழட்டினா கீ ரெண்டு துண்டு, ஒரு துண்டு ஹப்போட வந்துச்சு, இன்னொண்ணு ஆக்ஸில்லயே இருக்கு. புதுசு போட்டாச்சு, சரிவுல நிக்குது. எல்லாருக்கும் நன்றி.

பழைய ஸ்பானர்
நல்லது. ஆக்ஸில்ல கீ உட்கார்ற பள்ளம் (கீவே) ஓரம் மழுங்காம இருந்துச்சா? மழுங்கியிருந்தா புதுக் கீயும் வெட்டும். ஆக்ஸில்ல கிரீஸ் தடவித்தானே ஹப்பை ஏத்தினீங்க? முக்கியமா, பிரேக் நட்டைக் கடைசி வரைக்கும் டைட் வச்சிருந்தீங்களே, அதைத் திரும்ப லூஸ் பண்ணீங்களா? அப்படியே ஓட்டினா பேடு விடாம உரசி டிஸ்க் கொதிச்சிடும்.

டார்க் ரெஞ்ச்
0.25 முதல் 0.4 மி.மீ. மேல எழுதியிருக்கேன்.

பழைய ஸ்பானர்
செம்மண், இருக்கீங்களா? நட்டு?