வீட்டுக் கணினியில் அடிக்கடி வந்த நீலத்திரை: உங்கள் அனுபவம் என்ன?

சென்னிமலையிலிருந்து:
சென்ற ஆடி மாதம் தொடங்கி ஒரு நாள் ‘மெமரி மேனேஜ்மென்ட்’ என்றும், மறுநாள் ‘ஐஆர்க்யூஎல்’ என்று தொடங்கும் பிழையாகவும், முறைக்கு முறை பெயர் மாறி நீலத்திரை (விண்டோஸ் திடீரென நின்றுபோய்ப் பிழையின் பெயரைக் காட்டும் திரை) வந்துகொண்டிருந்தது. கடைக்காரர் இரண்டு தடவை ஃபார்மட் செய்து (வட்டில் உள்ளதையெல்லாம் அழித்து) கொடுத்தும் மூன்றாம் நாளே திரும்ப வந்தது. பத்தாம் வகுப்புப் படிக்கும் மகள் கண்ட விளையாட்டுகளையெல்லாம் ஏற்றியதுதான் காரணம் என்று நானே முடிவு செய்து, உறவினர் முன்னிலையில் அவளைக் கடிந்துகொண்டேன். “நான் ஒண்ணும் பண்ணலீங்கப்பா” என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். ஒரு வாரம் கழித்து, ரேமை (கணினியின் தற்காலிக நினைவகத்தை) சோதிக்கும் மெம்டெஸ்ட்86 என்ற மென்பொருளைப் பென்டிரைவில் ஏற்றி இரவு முழுவதும் ஓடவிட்டேன். விடிகாலை நான்கு மணிக்கு எழுந்து பார்த்தபோது திரை நிறையப் பிழைகளைக் காட்டும் சிவப்பு வரிகள். இரண்டு ரேம்களையும் தனித்தனியே பொருத்திச் சோதித்ததில், பின்னாளில் வாங்கிச் சேர்த்த 8 ஜிபி ரேம்தான் பழுது என்று தெரிந்தது. அந்தச் சிவப்பு வரிகளை இன்றும் என்னால் மறக்க முடியவில்லை.

சோமனூரிலிருந்து:
பிழையின் பெயர் மாறிக்கொண்டே இருந்தால் ரேம்தான் என்று இதைப் படிப்பவர்கள் முடிவு கட்டிவிடக் கூடாது என்பதற்காக எழுதுகிறேன். எனக்கும் பெயர் மாறித்தான் வந்தது. ரேம் இரண்டும் சோதனையில் தேறிவிட்டன. எங்கள் வீட்டை ஒட்டியே விசைத்தறிக் கூடம் இருக்கிறது. மின்சாரம் நின்று திரும்பி வந்ததும் எல்லாத் தறிகளும் ஒருசேர ஓடத் தொடங்க, குழல் விளக்கு மங்கி எரிந்த அதே நொடியில் திரை நீலமானதை ஒரு நாள் கண்ணெதிரே கண்டேன். கணினிக்கு மின்சாரம் தரும் பெட்டியான பழைய எஸ்எம்பிஎஸ்ஸைக் கழற்றிப் பார்த்தால் உள்ளே பஞ்சு மெத்தைபோல் படிந்திருந்தது, இரண்டு கெப்பாசிட்டர்கள் உப்பியிருந்தன. அதை மாற்றிய பிறகு தொல்லை இல்லை. ரேமைக் குறை சொல்லும் முன் மின்சாரத்தைப் பாருங்கள்.

கோபிசெட்டிபாளையத்திலிருந்து:
இருவர் சொல்வதும் அவரவர் கணினிக்குச் சரி. ஆனால் கடைக்காரர் ஃபார்மட் செய்ததை இருவருமே பெரிதாகக் கருதாமல் கடந்துவிட்டதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. எனக்கு வந்தது ‘கர்னல் டேட்டா இன்பேஜ் எர்ரர்’. வன்வட்டோ அதன் கேபிளோ கெடும்போது பெரும்பாலும் வருவது அது. ஃபார்மட் செய்தார்கள், மறைந்த என் தாயாரின் படங்கள் அத்தனையும் போய்விட்டன. ஆகவே, யாரும் கேட்காவிட்டாலும் சொல்கிறேன். முதலில் படங்களையும் ஆவணங்களையும் வேறொரு வட்டில் நகலெடுங்கள். அடுத்து, சிஸ்டம் ப்ராப்பர்டீஸில் ஸ்டார்ட்அப் அண்ட் ரெகவரி பகுதிக்குப் போய், தானாக ரீஸ்டார்ட் ஆகும் தேர்வை நீக்குங்கள். அப்போதுதான் பிழையின் பெயரை நிதானமாகக் குறித்துக்கொள்ள முடியும். விண்டோஸ் 11இல் 2025ஆம் ஆண்டுப் புதுப்பிப்புக்குப் பிறகு அந்தத் திரை கறுப்பாக வருகிறது. நிறத்தைப் பார்த்து வேறு பழுதென்று எண்ண வேண்டாம். ஒவ்வொரு முறை நீலத்திரை விழும்போதும் விண்டோஸ் கோப்புறைக்குள் உள்ள மினிடம்ப் என்ற உட்கோப்புறையில் பெரும்பாலும் ஒரு சிறு கோப்பு சேரும். எந்த டிரைவர் (பாகங்களை இயக்கும் மென்பொருள்) ஓடும்போது விழுந்தது என்பதற்கு அதில் தடயம் கிடைக்கலாம், ஃபார்மட் செய்தால் அதுவும் அழிந்துவிடும். புதிதாக எதையேனும் பொருத்தியிருந்தால் அதைக் கழற்றிவிட்டு இரண்டு நாள் ஓட்டிப் பாருங்கள். ஒரே நேரத்தில் இரண்டு பாகங்களை மாற்றாதீர்கள். மாற்றினால் எது பழுது என்பது கடைசிவரை தெரியாது.

சென்னிமலையிலிருந்து மீண்டும்:
சோமனூர் அன்பருக்கு, எங்கள் தெருவிலும் தறிகள் உண்டு. ஆனால் அந்த ரேமைக் கழற்றி நாற்பது நாள்களாகின்றன. நீலத்திரை ஒரு முறைகூட வரவில்லை. கழற்றிய ரேமை மகள் தன் பென்சில் டப்பாவில் வைத்திருக்கிறாள். அன்று வந்திருந்த உறவினர்கள் தீபாவளிக்கு வரும்போது காட்ட வேண்டுமாம்.