ஹோல்டர் டெஸ்ட் (நெஞ்சில வயர் ஒட்டி நாள் முழுக்க இதயத்துடிப்பை பதியிறது) எண்டாலே நெஞ்சு படபடக்குது, போட்டு அனுபவம் உள்ளவை சொல்லுங்கோ

வணக்கம், திருகோணமலை உவர்மலையில இருக்கிறன், பெண், வயசு 38. ஜனவரியில இருந்து இதயம் இடைக்கிடை ஒரு துடிப்பை விட்டுட்டு அடுத்தது பலமா அடிக்கிற மாதிரி இருக்கு, கூடுதலா இரவு இடப்பக்கம் சரிஞ்சு படுக்கேக்க. மயக்கம், நெஞ்சு நோ, மூச்சிளைப்பு ஒண்டும் இல்ல. ஈசிஜி, எக்கோ (இதய ஸ்கேன்), தைரொய்ட், பொட்டாசியம் எல்லாம் நோர்மல். எக்டோபிக் பீட்ஸா (இடையில முந்தி வாற மேலதிக துடிப்பு) இருக்கும், பெரும்பாலும் ஆபத்தில்ல, எண்டாலும் 24 மணித்தியாலம் ஹோல்டர் போட்டு பாப்பம் எண்டு டொக்டர் சொன்னார்.

இப்ப துடிப்பை விட டெஸ்ட் தான் பெரிய பயம். ஈசிஜிக்கு படுத்த உடனேயே நாடித்துடிப்பு 120க்கு மேல போயிட்டுது, பிரஷர் பாக்க கையில பட்டிய சுத்தினாலே வியர்க்குது, இதில ஒரு முழு நாள் நெஞ்சில வயர் ஒட்டிக்கொண்டு குளிக்கவும் ஏலாம இந்த வெக்கைக்குள்ள எப்பிடி இருக்கிறது எண்டு யோசிச்சு யோசிச்சே நித்திரை போயிட்டுது.

கோப்பி நிப்பாட்டிட்டன், பிளேன்டீ காலமை மட்டும். ஸ்மார்ட் வாட்ச்ச கழட்டி அலுமாரிக்குள்ள வச்சாச்சு. 4 எண்ணி மூச்சிழுத்து 6 எண்ணி விட்டும் பாத்தன், ஆனா எண்ணத் தொடங்கினா மனசு நாடித்துடிப்பையும் சேத்து எண்ணுது. பின்னேரம் கடற்கரையில நடக்கேக்க மட்டும் நல்லா இருக்கு. அம்மா கோணேசருக்கு அர்ச்சனை செய்திட்டா, அது அவவுக்கு நிம்மதி.

அடுத்த கிழமை டெஸ்ட். ஹோல்டர் போட்டிருந்தவை, அண்டைக்கு இரவு பயம் வரேக்க என்ன செய்து சமாளிச்சனீங்கள்?