எக்ஸ்போர்ட் போட்டால் ஐ7 லேப்டாப்பை பழைய ஐ5 முந்துகிறது, ஏன்?

சிப்புட்_வீடியோ:
வணக்கம். சுங்கை சிப்புட்டில் சின்ன வீடியோ கடை வைத்திருக்கிறேன். கடையில் கோர் ஐ5-10400 டெஸ்க்டாப் இருக்கிறது. போன மாதம் ஈப்போவில் கோர் ஐ7-1165ஜி7 லேப்டாப் ஒன்றை செகண்ட் ஹேண்டில் எடுத்தேன். வேகத்துக்கு மார்க் போடுகிற கீக்பெஞ்ச் 6 ஆப்பை ஓட்டினால் லேப்டாப் 1900 தாண்டுகிறது, டெஸ்க்டாப் 1400 சொச்சம்தான். ஆனால் ஒரு மணி நேரக் கல்யாண வீடியோவை எக்ஸ்போர்ட் போட்டால் (எடிட் செய்ததை ஒரே ஃபைலாக எடுத்தால்) டெஸ்க்டாப் முதலில் முடிக்கிறது. லேப்டாப்பில் கோளாறா, இல்லை மார்க்குதான் பொய்யா?

தோட்டத்து_மெக்கானிக்:
அண்ணே, அது சிங்கிள் கோர் மார்க், சிப்பில் ஒரு கோர் (கணக்குப் போடும் பகுதி) மட்டும் எடுத்தது. பக்கத்திலேயே மல்டி கோர் என்று எல்லா கோரும் சேர்ந்து எடுத்தது இன்னொன்று இருக்கும், அதைப் பாருங்கள். உங்கள் ஐ7இல் 4 கோர், ஐ5இல் 6. எக்ஸ்போர்ட் எல்லா கோரையும் இழுக்கிற வேலை. ஐ5, ஐ7 என்ற பெயரை மட்டும் நம்பினால் இப்படித்தான்.

பந்திங்_வாசி:
மார்க்கெல்லாம் சும்மா. சாம்சங் கேலக்சி எஸ்4 போன், பெஞ்ச்மார்க் ஆப் ஓடும்போது மட்டும் வேகத்தைக் கூட்டியது 2013இல் பிடிபட்டதே! கையில் ஸ்டாப்வாட்ச் போதும்.

ரவாங்_அக்கா:
ஸ்டாப்வாட்சும் ஏமாற்றும் தம்பி. ஒன்றில் ஹார்டுவேர் என்கோடிங் (வீடியோவுக்கென்றே உள்ள தனிச் சர்க்யூட் செய்வது), மற்றதில் சாஃப்ட்வேர் (கோர்களே செய்வது) என்று செட்டிங் மாறியிருந்தால் நீங்கள் இரண்டு வேறு வேலைகளுக்கு நேரம் பார்க்கிறீர்கள். ஒரே ஃபைல், ஒரே செட்டிங், இரண்டிலும் எஸ்எஸ்டி. லேப்டாப்பில் சார்ஜர் கட்டாயம் செருகியிருக்க வேண்டும்.

சூட்டையும் பாருங்கள். கீக்பெஞ்சின் சோதனைகள் குட்டி குட்டியானவை, நடுவில் கொஞ்சம் ஓய்வும் உண்டு. அந்த நேரத்துக்கு லேப்டாப் முழு வேகத்தில் ஓடிக் காட்டும், நூறு மீட்டர் ஓட்டக்காரன் மாதிரி. எக்ஸ்போர்ட் அப்படியில்லை, முக்கால் மணி நேரம் விடாமல் ஓட வேண்டும். சிப் விடாமல் இழுக்கிற மின்சாரம் 10400க்கு 65 வாட் கணக்கு. 1165ஜி7க்கு 12 முதல் 28 வாட் வரை, எவ்வளவு என்பதை லேப்டாப் செய்தவர் முடிவு செய்கிறார். அதனால் அதே சிப் இருக்கிற இரண்டு லேப்டாப்புகள்கூட ஒன்றுபோல் ஓடாது. வேறொருவர் நெட்டில் போட்ட மார்க்கை வைத்து உங்களுடையதை எடைபோடாதீர்கள்.

சினிபெஞ்ச் ஆர்23 என்ற சோதனை ஆப்பைப் போட்டு 10 நிமிடச் சோதனையை ஓட்டுங்கள். டாஸ்க் மேனேஜரைத் திறந்து வைத்து வேகம் எங்கே இறங்குகிறது என்று கவனியுங்கள். அதன் பழைய பதிப்பான ஆர்20 மார்க்கோடு ஒப்பிட வேண்டாம், அளவுகோலே வேறு. மத்தியானம் ஒரு தடவை, ராத்திரி ஒரு தடவை ஓட்டினால் இன்னும் நல்லது.

சிப்புட்_வீடியோ:
நன்றிக்கா. செட்டிங் இரண்டிலும் சாஃப்ட்வேர்தான், சார்ஜரும் போட்டிருந்தேன். மல்டி கோரில் டெஸ்க்டாப் கொஞ்சம் முன்னால் நிற்கிறது. சினிபெஞ்சில் லேப்டாப் 4 கிகாஹெர்ட்ஸுக்கு மேல் தொடங்கி, ஒரு நிமிடத்துக்குள் 2.4க்கு வந்துவிட்டது. கடை மேல்மாடியில், தகரக் கூரை, ஏர்கான் இல்லை. ராத்திரி ஓட்டினால் வேகம் கொஞ்சம் ஏறுகிறது.

தோட்டத்து_மெக்கானிக்:
அப்போ கோளாறு இல்லை, சூட்டில்தான் வேகம் இறங்குகிறது. ஃபேனில் தூசி தட்டுங்கள், பின்பக்கம் தூக்கி வையுங்கள், சூடு கொஞ்சம் குறையும். ரேம் எத்தனை குச்சி? டிவைஸ் மேனேஜரில் கிராஃபிக்ஸ் பெயர் என்ன காட்டுகிறது?

சிப்புட்_வீடியோ:
ஒரே குச்சி, 8 ஜிபி. இன்டெல் யுஎச்டி கிராஃபிக்ஸ் என்று இருக்கிறது. விற்றவர் ஐரிஸ் எக்ஸ்இ என்று சொன்னார்.

தோட்டத்து_மெக்கானிக்:
அவர் சொன்னது சரிதான். இந்த சிப்பில் ரேம் டூயல் சேனலில் (இரண்டு பாதையில்) ஓடினால்தான் ஐரிஸ் எக்ஸ்இ என்ற வேகமான கிராஃபிக்ஸ் விழிக்கும், இல்லையென்றால் யுஎச்டி என்றே காட்டும். இன்னொரு ஸ்லாட் இருந்தால் அதே வகை 8 ஜிபி போடுங்கள். டைம்லைனில் ப்ரிவியூ திக்குவது குறையும். சாஃப்ட்வேர் எக்ஸ்போர்ட் நேரத்தில் பெரிய மாற்றம் வராது, அதை டெஸ்க்டாப்புக்கே விட்டுவிடுங்கள்.

சிப்புட்_வீடியோ:
ஸ்லாட் காலியாக இருக்கிறதண்ணே, பார்த்துவிட்டேன். சனிக்கிழமை ஈப்போ போகும்போது வாங்கிப் போட்டுவிட்டு எழுதுகிறேன்.