கிளை எம்.சி.பி. இருந்தும் மெயின் ஏன் டிரிப் ஆகிறது?

கேள்வி:
எங்கள் வீட்டில் மெயினாக 32 ஆம்பியர் எம்.சி.பி.யும் (மின்னோட்டம் மிஞ்சினால் தானாகத் துண்டிக்கும் சுவிட்ச்), அதிலிருந்து பிரியும் கிளைகளாகப் பிளக்குகளுக்கு 16 ஆம்பியர் எம்.சி.பி.களும் உள்ளன, எல்லாமே சி வகை. சமையலறையில் மிக்சி வயர் ஷார்ட் ஆனபோது இரண்டும் சேர்ந்து டிரிப் ஆகி வீடே இருண்டது. மாடிப் பின்னறையில் அயர்ன் பாக்ஸ் வயர் ஷார்ட் ஆனபோதோ கிளை மட்டும் டிரிப் ஆனது. கிளை எம்.சி.பி. மந்தமாகிவிட்டது, விலை கூடியதாக மாற்ற வேண்டும் என்கிறார் வயர்மேன். மாற்றினால் தீருமா?

மறுமொழி 1:
தீராது. எம்.சி.பி.க்குள் இரண்டு அமைப்புகள் உள்ளன. அளவுக்கு மேல் லோடு ஏறினால் ஈருலோகப் பட்டை சூடாகி மெதுவாக வளையும். அங்கே 16, 32 என்ற வேறுபாடு நன்றாகவே வேலை செய்யும். ஷார்ட் ஆனால் காந்தச் சுருள் கணநேரத்தில் இழுத்து இணைப்பைத் துண்டித்துவிடும். சி வகையில் அது குறித்த ஆம்பியரைப் போல் 5 முதல் 10 மடங்குக்குள் இழுக்கும் என்பதால், உங்கள் மெயின் 160 ஆம்பியர் வரை அசையாது, 320க்கு மேல் கட்டாயம் டிரிப் ஆகும், இடைப்பட்டதில் எதுவும் நடக்கலாம்.

மின்கம்பத்திலிருந்து எம்.சி.பி.கள் உள்ள பலகை வரையான மின்தடை, போக வர, 0.5 ஓம் என்று வையுங்கள். 2.5 சதுர மி.மீ. செம்புக் கம்பி கிலோமீட்டருக்குச் சுமார் 7.4 ஓம். சமையலறை பலகையிலிருந்து 5 மீட்டரில் இருந்தால், 230 வோல்ட்டில் ஷார்ட் மின்னோட்டம் ஏறத்தாழ 400 ஆம்பியர். 20 மீட்டர் தள்ளியுள்ள மாடியறையில் 290க்குச் சற்றுக் குறைவு. முன்னதில் மெயினும் இழுத்தே தீரும், பின்னதில் அது தப்பியிருக்கிறது. பாவம், கிளை இரண்டு முறையும் தன் வேலையைச் சரியாகத்தான் செய்திருக்கிறது.

கேள்வி கேட்டவர்:
அப்படியானால் மெயினை டி வகையாக மாற்றலாமா?

மறுமொழி 2:
வேண்டாம். டி வகை 10 முதல் 20 மடங்கு. 32 ஆம்பியரில் அது 320 முதல் 640 வரை. பலகையின் வாயிலிலேயே 460 ஆம்பியர்தான் கிடைக்கும் வீட்டில், மெயினுக்கும் கிளைக்கும் இடையே ஷார்ட் ஆனால் அது உடனே இழுக்காமலே போகக்கூடும். மெயினில் எம்.சி.பி.க்குப் பதில் டி.பி. (இரு கம்பிகளையும் துண்டிக்கும்) ஐசொலேட்டர் வைப்பதே நல்லது. அது கையால் இணைக்கவும் துண்டிக்கவும் மட்டுமே. தானாக டிரிப் ஆகாது. ஆனால் மீட்டரிலிருந்து பலகைக்கு வரும் கேபிளைக் காக்க, மீட்டருக்கு அருகில் அந்தக் கேபிளின் தாங்குதிறனுக்கு ஏற்ற பியூஸ் இருந்தே ஆக வேண்டும். இந்த அளவு மின்னோட்டத்தில் பியூஸ் கம்பி உருகுமுன் 16 ஆம்பியர் எம்.சி.பி. திறந்துவிடும்.

கேள்வி கேட்டவர்:
மீட்டர்ப் பெட்டியைத் திறக்கச் சொல்லிப் பார்த்தேன். பியூஸ் கட்டையில் பியூஸ் கம்பிக்குப் பதிலாகத் தடித்த செம்புக் கம்பியை முறுக்கி வைத்திருக்கிறார்கள். முதலில் அதை மாற்றச் சொல்லியிருக்கிறேன். அதுவரை மெயினில் கை வைக்கப் போவதில்லை.