மெய்நிகர் விளையாட்டு மையம்: எந்தக் கருவிகளை வாங்குவது?

மேல்மாடி_மதுரை

அனைவருக்கும் வணக்கம். மதுரையில் எங்கள் கடையின் மேல்மாடியில் 20 அடிக்கு 30 அடி கூடம் ஒன்று காலியாகக் கிடக்கிறது. முன்பு அங்கே பிரௌசிங் சென்டர் நடத்தினோம்; கண்ணாடித் தடுப்புகள் இன்னும் அப்படியே நிற்கின்றன. ஹெட்செட் அணிந்து முப்பரிமாணத்தில் விளையாடும் மையம் ஒன்றை அங்கே தொடங்க நானும் என் தம்பியும் எண்ணியுள்ளோம். கருவிகளுக்கென 8 லட்சம் ரூபாய் ஒதுக்கியிருக்கிறோம்.

ஆர்டிஎக்ஸ் 4070 கிராபிக்ஸ் கார்டு பொருத்திய நான்கு கணினிகளை வாங்கி, ஹெட்செட்டுகளை கேபிளில் இணைக்க வேண்டும் என்பது தம்பியின் கட்சி. கணினியே தேவைப்படாத, மெட்டா நிறுவனத்தின் குவெஸ்ட் 3 அல்லது 3எஸ் ஹெட்செட் ஆறு வாங்கினால் போதும் என்பது என் எண்ணம். இதற்கிடையே, பழைய 3டி திரைகளையும் ஷட்டர் கண்ணாடிகளையும் மலிவாகத் தருவதாக ஒரு வியாபாரி சொல்கிறார். அனுபவம் உள்ளவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

கோவை_ஆடுகளம்

வணக்கம் ஐயா. கோவையில் மூன்று ஆண்டுகளாக இத்தகைய மையம் ஒன்றை நடத்துகிறேன். 3டி திரைகளை மறந்துவிடுங்கள். 120 ஹெர்ட்ஸ் திரை, அதாவது நொடிக்கு 120 படம் காட்டும் திரை, இரு கண்களுக்கும் மாறி மாறிப் படம் காட்டும் முறை அது. அவ்வகையில் பெயர்பெற்ற என்விடியா 3டி விஷனுக்கான மென்பொருள் ஆதரவே 2019-இல் நிறுத்தப்பட்டுவிட்டது.

அடுத்து, ஹெட்செட்டின் எண்ணிக்கையை உங்கள் பணம் தீர்மானிக்காது, தரைதான் தீர்மானிக்கும். நின்று நடந்து விளையாட ஒருவருக்குக் குறைந்தது 2 மீட்டருக்கு 2 மீட்டர் வேண்டும் என்பது பொதுக்கணக்கு. கையை வீசுபவர் பக்கத்து ஆளைத் தாக்காமல் இருக்க நான் 10 அடிக்கு 10 அடி விடுகிறேன். அந்தக் கணக்கில் உங்கள் கூடத்தில் ஆறு கட்டங்கள் வரும். பணம் வாங்கும் மேசை, காத்திருப்போர் இருக்கை, செருப்பு விடும் இடம் ஆகியவற்றுக்கு இரண்டைக் கழித்தால் நான்கே மிஞ்சும். ஆகவே நான்கு ஹெட்செட்டுகளும் மாற்றுக்கு ஒன்றும் போதும்.

கண்ணாடித் தடுப்புகளை அகற்றிவிடுங்கள். இந்த ஹெட்செட்டுகள் தம்மிலுள்ள கேமராக்களால் அறையைப் பார்த்தே தம் இடத்தை அறிகின்றன. பிரதிபலிப்பு அவற்றைக் குழப்பும். எந்த அடையாளமும் இல்லாத வெள்ளைச் சுவரும் நல்லதல்ல என்பதால் நான்கைந்து சுவரொட்டிகளை ஒட்டி வையுங்கள். மின்விசிறிகளையும் கழற்றிவிடுங்கள். எங்கள் மையம் திறந்த முதல் வாரத்தில் உயரமான கல்லூரி மாணவர் ஒருவர் கையை உயர்த்தினார். கையில் பிடித்திருந்த கன்ட்ரோலரின் ஒரு துண்டு மேசைக்கு அடியிலும் இன்னொன்று வாசலிலும் கிடைத்தன. நல்லவேளையாக விரல்களுக்கு ஒன்றும் ஆகவில்லை.

ஏ.சி. கணக்கையும் மறவாதீர்கள். ஒரு டன் ஏ.சி. நீக்கக்கூடிய வெப்பம் ஏறத்தாழ 3.5 கிலோவாட். விளையாட்டு ஓடும்போது ஒரு கணினி 400 வாட் எடுக்கிறது என்று வைத்தால், நான்கு கணினிகளே அதில் பாதியை விழுங்கிவிடும். மின்சாரம் நின்றாலும் தனித்தியங்கும் ஹெட்செட் இரண்டு மணி நேரம் வரை ஓடும், கணினிக்கு யூ.பி.எஸ். வேண்டும்.

பராமரிப்பில்தான் எனக்கு அதிகச் செலவு. நம் ஊரில் தேங்காய் எண்ணெய், விபூதி, குங்குமம் எல்லாம் முதலில் வந்து சேரும் இடம் ஹெட்செட்டின் பஞ்சு மெத்தைதான். வாங்கிய அன்றே அதை மாற்றி, துடைக்கக்கூடிய சிலிகான் உறை போடுங்கள். லென்ஸை உலர்ந்த மைக்ரோஃபைபர் துணியால் மட்டுமே துடைக்க வேண்டும், ஸ்பிரிட் கூடாது. லென்ஸில் வெயில் படவே கூடாது. ஒரு நாள் காலையில் கிழக்கு ஜன்னலோரம் ஒன்றை மல்லாக்க வைத்துவிட்டுத் தேநீர் குடிக்கப் போனேன். லென்ஸ் பூதக்கண்ணாடிபோல் வெயிலைக் குவித்து, திரையில் மிளகளவு புள்ளிகள் இரண்டை நிரந்தரமாகப் பொறித்துவிட்டது.

நிரலர்_சேலம்

மேலே சொன்னவற்றோடு உடன்படுகிறேன். ஆனால் உரிமத்தை யாரும் குறிப்பிடவில்லை. கணினி விளையாட்டுகளை விற்கும் ஸ்டீம் தளத்தின் கணக்கில் சொந்தப் பயன்பாட்டுக்கு வாங்கிய விளையாட்டைக் கட்டணம் பெற்றுக்கொண்டு பிறரை ஆடவிட அதன் ஒப்பந்தம் இடம்தருவதில்லை. மையங்களுக்கெனத் தனி உரிமத் திட்டங்கள் உள்ளன; சில தளங்கள் நிமிடக் கணக்கில் கட்டணம் வாங்குகின்றன. எந்த விளையாட்டுக்கு அத்தகைய உரிமம் கிடைக்கிறது, அது கணினியில் ஓடுவதா ஹெட்செட்டிலேயே ஓடுவதா என்று முதலில் பட்டியல் எழுதுங்கள். அதன் பிறகே கருவிக்கு முன்பணம் கொடுங்கள்.

தம்பியின் யோசனையை முழுவதுமாகத் தள்ள வேண்டியதில்லை. ஒரே ஒரு கணினியை வாங்கி, ஸ்டீயரிங், பெடல், இருக்கை வைத்துக் கார் பந்தயத்துக்கு ஒதுக்கலாம். உட்கார்ந்து ஆடுவதால் 5 அடிக்கு 6 அடி போதும், கேபிளும் காலில் சிக்காது.

கண்பரிசோதகர்

கார் பந்தயம் கவர்ச்சியானதுதான். தலைசுற்றல் மிகுந்ததும் அதுவே. உடல் அசையாதிருக்கக் கண் மட்டும் வேகத்தை உணரும்போது குமட்டல் வருகிறது. படத்தின் வேகம் தடுமாறினால் அது இன்னும் மோசமாகும்: 90 ஹெர்ட்ஸில் ஒரு படத்தை உருவாக்க 11 மில்லி நொடிதான் அவகாசம். எனவே முதன்முறை வருபவரை அதில் உட்கார வைக்காதீர்கள்.

குவெஸ்ட் 3, 3எஸ் இரண்டில் எது என்றால், பொது மையத்துக்கு 3-ஐயே பரிந்துரைப்பேன். இரு கண்மணிகளுக்கு இடையிலான தூரம் ஆளுக்கு ஆள் மாறும். சராசரியாக 63 மி.மீ. என்பார்கள். 3-இல் சிறு சக்கரத்தைத் திருகி 53 முதல் 75 மி.மீ. வரை பொருத்தலாம், 3எஸ்-இல் 58, 63, 68 என்று மூன்று நிலைகள் மட்டுமே. மேலும் 3-இன் லென்ஸ் ஓரம்வரை தெளிவாகக் காட்டுவதால், கால் மணி நேரத்துக்குப் பணம் கொடுத்தவர் அதில் ஐந்து நிமிடத்தை ஹெட்செட்டை ஏற்றி இறக்குவதில் கழிக்க மாட்டார். மாறுகண், சோம்பல் கண் உடைய சிலருக்கு ஆழம் தெரியாது. அவர்கள் ‘படம் தட்டையாக இருக்கிறது’ என்றால் கருவியைக் கழற்றிப் பார்க்க வேண்டாம். பத்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளை மெட்டா நிறுவனமே அனுமதிப்பதில்லை.

மேல்மாடி_மதுரை

அனைவருக்கும் நன்றி. குவெஸ்ட் 3 ஐந்து, பந்தயத்துக்கு ஒரு கணினி என்று தம்பியும் ஒப்புக்கொண்டுவிட்டான். உரிமப் பட்டியலை அவனே தயாரிக்கிறான். கூடத்தின் இரண்டு ஜன்னல்களும் கிழக்கு நோக்கியவை என்பதால், தடித்த திரைச்சீலை தைக்கத் துணி அளவு எடுத்துவிட்டேன். கோவை நண்பரே, தரைக்கு ரப்பர் பாய் விரித்திருக்கிறீர்களா, அல்லது டைல்ஸ் தரையிலேயே ஆடுகிறார்களா?

கோவை_ஆடுகளம்

கட்டத்துக்கு நடுவில் மட்டும் நான்கடி வட்ட ரப்பர் பாய் விரித்திருக்கிறேன். செருப்பில்லாத கால் பாயை விட்டு இறங்கியதும் சில்லென்ற டைல்ஸ் தரையை உணரும். தாம் விலகிவிட்டோம் என்பது ஆடுபவருக்கு நாங்கள் சொல்லாமலே தெரிந்துவிடும்.