வெள்ளையை அழித்த பிறகும் விளிம்பில் நிற்கும் வெள்ளை

பின்னணி இல்லாத படங்கள் வேண்டும் என்று நண்பர்கள் கேட்கும்போதெல்லாம் கிம்ப் என்ற படத்திருத்த மென்பொருளில்தான் செய்து தருகிறேன். 1996 முதல் இலவசமாகக் கிடைத்துவரும் மென்பொருள் அது. இத்தனை படங்களில் எனக்கு அதிகம் கற்றுக்கொடுத்தது, ஒரு தோழி பேனா மையால் வரைந்த பெரணிச் செடி.

வெள்ளைத் தாளில் வரைந்து, ஸ்கேன் செய்து, வெள்ளையை அவரே அழித்து அனுப்பியிருந்தார். கரும்பச்சை அட்டையின் மேல் அது வர வேண்டும். கிம்ப்பில் திறந்தால் வெற்றிடத்தைக் காட்டும் கட்டம் கட்டமான சாம்பல் பின்புலத்தில் படம் அழகாகவே தெரிந்தது. அடியில் கரும்பச்சை லேயர் (அடுக்கு) ஒன்றை வைத்ததும் ஒவ்வோர் இலையைச் சுற்றியும் வெள்ளை ஓரம் பளிச்சென்று எழுந்தது.

காரணம் எளிது. மைக்கோடு தாளில் சட்டென்று முடிவதில்லை. கறுப்புக்கும் வெள்ளைக்கும் நடுவே சில பிக்சல்கள் சாம்பலாக இருக்கும். அந்தச் சாம்பலில் தாளின் வெள்ளை கலந்திருக்கும். மந்திரக்கோல் கருவியால் தேர்ந்து அழித்தால் அது அப்படியே தங்கிவிடும். தேர்வின் வரம்பைக் கூட்டினாலோ நுனி இலைகளின் மெல்லிய கோடுகளும் சேர்ந்து போய்விடும்.

அவரிடமிருந்து மூல ஸ்கேனை வாங்கினேன். தாள் லேசாக மஞ்சள் பூத்திருந்ததால் முதலில் வெளிச்ச அளவுகளைச் சரிசெய்யும் 'லெவல்ஸ்' மூலம் அதை முழு வெள்ளையாக்கினேன். பிறகு 'கலர்ஸ்' மெனுவில் 'கலர் டு ஆல்பா'. ஒரு பிக்சலில் எவ்வளவு வெள்ளை கலந்திருக்கிறதோ அந்த அளவுக்கு அதை ஒளிபுகச் செய்யும் வசதி இது. சாம்பல் பிக்சல், பாதி ஒளிபுகும் கறுப்பாக மாறிவிடுகிறது. கரும்பச்சையின் மேல் அந்தப் பெரணி, அட்டையிலேயே வரைந்ததுபோல் உட்கார்ந்தது. கோட்டோவியத்துக்கும் கையெழுத்துக்கும் இதைவிட நல்ல வழி கிம்ப்பில் இல்லை என்பது என் உறுதியான எண்ணம்.

* * *

பெரணிச் செடி பற்றி எழுதியவருக்கு நன்றி. புகைப்படத்துக்கு மட்டும் அந்த வழி வேண்டாம். வெள்ளைச் சுவரின் முன் நின்ற பூனையின் படத்தில் அதைச் செய்துபார்த்தவர்களுக்குத் தெரியும்: கண்ணில் மின்னும் ஒளிப்புள்ளி, மார்பின் வெள்ளை ரோமம் எல்லாமே ஓட்டையாகிவிடும்.

நான் நம்புவது லேயர் மாஸ்க்கை, அதாவது லேயரின் எந்தப் பகுதி தெரிய வேண்டும் என்று தீர்மானிக்கும் மறைப்பை. மாஸ்க்கில் கறுப்பு பூசிய இடம் மறையும், வெள்ளை பூசிய இடம் தெரியும், சாம்பல் பூசினால் பாதி தெரியும். படத்தில் ஒரு பிக்சல்கூட அழிவதில்லை என்பதால் கை தவறினாலும் கவலையில்லை. உடலின் ஓரத்தைப் பெரிய பிரஷ்ஷால் விரைவாக முடித்துவிடுவேன். மீசை மயிர்களுக்குத்தான் நேரம் முழுவதும் போகும்: படத்தை நன்றாகப் பெரிதாக்கி, மிகச் சிறிய மென்மையான பிரஷ்ஷால் ஒவ்வொரு மயிராக மீட்டெடுக்க வேண்டும். மாஸ்க்கோடு, கிம்ப்பின் சொந்த வடிவமான எக்ஸ்சிஎஃப் கோப்பாகவும் ஒரு பிரதி வைத்துக்கொள்ளுங்கள்.

* * *

சேமிக்கும் இடத்தில்தான் பலருடைய உழைப்பு வீணாவதைப் பார்க்கிறேன். படக்கோப்பு வடிவங்களில் ஜேபெக்கில் ஒளிபுகும் தன்மையே கிடையாது. ஜிஃப்பில் ஒரு பிக்சல் முழுதாகத் தெரியும் அல்லது முழுதாக மறையும், நடுநிலை இல்லை. மேலே சொன்ன பூனையின் மீசை அதில் பல்பல்லாக வெட்டுப்பட்டுவிடும். பிஎன்ஜியில் ஒளிபுகும் தன்மைக்குப் பொதுவாக 256 படிகள் உண்டு. எனவே பிஎன்ஜியாக ஏற்றுமதி செய்யுங்கள். தகவல் செயலிகளில் அதைப் புகைப்படமாக அனுப்பினால் ஜேபெக்காக மாறிப் பின்னணி திரும்ப வந்துவிடுவது உண்டு. ஆவணமாக இணைத்து அனுப்புங்கள்.